வெயிலின் பங்காளி

வேலந்தாவளம் சுங்கச் சாவடிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருந்த மலையாளத்துச் சிப்பாய் ஒருவன், ஒரு சந்தை நாள் காலையில் இரட்டை மாட்டு வண்டி ஒன்று வருவதைக் கண்டான். வண்டியின் முன்புறத்தில் ஒரு வெள்ளைச் சோலாத் தொப்பி. அதன் கீழே கழுத்து வரையில் பொத்தான் பூட்டிய நீளக்கைச் சட்டை. தொப்பிக்கும் சட்டைக்கும் இடையே ரோஜா நிறத்தில் ஒரு முகம். சிப்பாய் பீடியை எறிந்தான், எழுந்தான், குதிகால்களைச் சேர்த்து ஒரு சலாம் வைத்தான்.

“உக்காருங்க, உக்காருங்க. நான் வடகரப்பதிங்க. கடலக்காய் கொண்டுட்டுப் போறேன்” என்றது தொப்பி.

வைத்த சலாமைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் வழி கிடையாது. ஆகவே அந்தச் சிப்பாய், செய்த தவற்றை வழக்கமாக்கிவிட்டான். கொச்சி சமஸ்தானத்தின் எல்லையை அவர் கடந்த ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று சலாம் வைத்தான்; அவரும் ஒவ்வொரு முறையும் அவனை உட்காரச் சொன்னார்.

எங்கள் ஊரில் அவருக்குத் ‘தொரை’ என்று பெயர். பெற்றோர் இட்ட பெயர் வேறு. அது பத்திரங்களில் மட்டும் வழங்கிவந்தது. நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் ஊரிலேயே பாதிப் பேர் அது யாரென்று கேட்பார்கள். வெள்ளைக்கார இரத்தம் ஒரு துளியும் அவர் உடம்பில் ஓடவில்லை. தாயும் தகப்பனும் கரிசல் மண்ணின் நிறத்தவர்கள், உடன்பிறந்தோரும் அப்படியே. இவர் ஒருவர்தாம் தோலில் கருமையென்பதே கலவாமல் பிறந்துவிட்டார். தலைமுடி காய்ந்த சோளத்தட்டின் நிறம். புருவமும் இமையும் வெளுப்பு. வெளிச்சத்தைக் கண்டால் கண்மணிகள் ஓரிடத்தில் நில்லாமல் துடிக்கும். மற்றவர்களுக்கு வெயில் என்றால் வேர்வை. அவருக்கு அது நெருப்பு. சிறிது நேரம் நின்றால் தோல் சிவக்கும். இன்னும் சிறிது நேரம் நின்றால் கொப்புளிக்கும்.

இத்தகைய உடம்புக்கு இயற்கை எந்த இடத்தைத் தேர்ந்தது? மேற்கே மலையாளம் முழுவதையும் நனைத்துவிட்டு வரும் மழை, எங்கள் எல்லைக்கு வந்ததும் களைத்துத் திரும்பிவிடும் கிழக்குப் பாலக்காட்டைத் தேர்ந்தது. பனையைத் தவிர வேறு மரம் தானாக முளைக்கத் துணியாத வடகரப்பதியைத் தேர்ந்தது. பன்னிரண்டு ஏக்கர் மேட்டுக்காட்டை நாள்தோறும் நேரில் பார்த்தாக வேண்டிய ஓர் உழவர் குடும்பத்தின் மூத்த மகன் என்ற பதவியையும் கொடுத்தது. ஒருவரை இதைவிட முறையாகத் தண்டிக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

அவர் எனக்குத் தாய்வழியில் மாமன் முறை. ஆகவே அவரைக் கேலி செய்ய எனக்கும் உரிமை உண்டு. என்னைக் கேலி செய்ய அவருக்கும் உண்டு. அவர் காலமாகி ஏழு வருஷம் ஆகிறது. என் பங்கு உரிமையை நான் எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தினேன் என்பதையும், தம் பங்கை அவர் எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தினார் என்பதையும் இப்போதுதான் உணர்கிறேன்.

சூரியனை அவர் ‘பங்காளி’ என்றுதான் சொல்வார். எங்கள் பக்கத்தில் அச்சொல்லின் கனம் எல்லோருக்கும் தெரியும். ஒரே சொத்தில் பிறப்பால் பங்கு பெற்று, வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோய், கல்யாணத்திலும் கருமாதியிலும் மட்டும் முகம் பார்த்துக்கொள்ளும் உறவு அது. பகைதான், ஆயினும் மரியாதை குறைந்துவிடக் கூடாத பகை. காலையில் கதவைத் திறக்குமுன் உள்ளிருந்தபடியே மனைவியைக் கேட்பார்.

“பங்காளி எந்திரிச்சுட்டாருங்களா?”

“வேலி மேல வந்து நிக்கறாரு. நீங்க உள்ளயே இருங்க” என்பாள் அத்தை.

சோலாத் தொப்பி அத்தையின் தமையன் மூலம் வந்தது. அவர் ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுச்சென்ற தொப்பியை மைத்துனருக்கென்று கொண்டுவந்து கொடுத்தார். கேலியாகத்தான் கொடுத்தார். வாங்கியவர் அதைக் கேலியாக வாங்கவில்லை. அன்று முதல் அது அவர் தலையின் மேற்கூரை ஆயிற்று. தொப்பிக்கு மேல் குடை, குடைக்குக் கீழ்த் தொப்பி, கைகளில் விரல்நுனி வரை இறங்கிய சட்டை, காதுக்குப் பின்னால் தொங்கவிட்ட ஈரத் துண்டு. இந்தக் கோலத்தோடு அவர் பருத்திக்காட்டு வரப்பில் நடந்துபோனால், களை எடுக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்து, “தொரை கலெக்டர் வேலைக்குப் போறாருங்கோவ்” என்று குரல் கொடுப்பார்கள். அவர் நின்று, தொப்பியைத் தூக்காமலே, “ஆமாங்க. உங்க காட்டுக்குத்தான் மொதல்ல வரி போடறேன்” என்பார்.

அத்தை அவரை மணக்கச் சம்மதித்ததே ஊரில் ஒரு வியப்பு. பெண் கறுப்பு, அழகு, நல்ல இடத்துப் பெண். ‘உனக்கென்னடி குறை, இவனைக் கட்டிக்கொள்ள?’ என்று தோழிகள் கேட்டபோது அவள் சொன்ன மறுமொழியை ஊர் இன்னும் மறக்கவில்லை. “மத்தவிங்க எல்லாம் பொழுதுக்கும் வெய்யல்ல நின்னு ஊர்வம்பு பேசிட்டு இருப்பாங்க. இவரு ஒம்போது மணிக்கு ஊட்டுக்கு வந்துருவாரு.” வந்துவிடுவார் என்பது உண்மை. ஒன்பதுக்கு உள்ளே போனால் நான்கரைக்குத்தான் வெளியே வருவார். இடைப்பட்ட வேளையில் இருவரும் வீட்டுக்குள் ஓயாமல் பேசிச் சண்டையிட்டு மகிழ்ந்தார்கள்.

அந்த வேளையின் முக்கிய வேலை நெய் கழுவுவது. செம்புத் தாம்பாளத்தில் பசுநெய்யை வைத்து, தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, அந்த நீரை வடித்துவிட்டுப் புதுநீர் விடவேண்டும். அப்படி நூறு முறை. நூறாவது தண்ணீரை வடித்தபின் தாம்பாளத்தில் நிற்பது வெண்ணெய் போல வெளுத்து, தொட்டால் குளிர்ந்து, நெய் என்று சொன்னால் நெய்யே நம்பாத ஒரு பொருளாக இருக்கும். வெயில் பட்டுக் கன்றிய தோலுக்கு அதற்கு நிகரான பூச்சை நான் கண்டதில்லை. அத்தை வாய்விட்டு எண்ணிக்கொண்டே கழுவுவாள். சண்டை வந்த நாட்களில் எண்ணிக்கை அறுபதோடு நின்றுவிடும்.

“ஏனம்மிணி, அறுவதுதானா?”

“மீதி நாப்பது உங்க வாய்க்குக் கழிஞ்சு போச்சு. இதயே பூசிக்குங்க.”

அவரும் பூசிக்கொள்வார். பூசிக்கொண்டே, “அறுவதாந் தண்ணி கொஞ்சம் எரியத்தாஞ் செய்யுது” என்பார், அத்தையின் காதில் விழும்படி.

அவருடைய வீட்டிலிருந்து கிணற்றுக்கு ஏறக்குறைய இருநூறு அடி. அந்த இருநூறு அடியும் வெட்டவெளி. அவர் வரப்போரம் வேம்பும் புங்கனுமாகப் பதினேழு கன்றுகளை நட்டு, பானையில் நீர் சுமந்து ஊற்றி, ஆடு கடிக்காமல் முள் கட்டி வளர்த்தார். ஏழெட்டு வருஷத்தில் அவை ஓங்கி, வீட்டிலிருந்து கிணறு வரைக்கும் ஒரு நிழல் வாய்க்கால் வெட்டியதுபோல் ஆயிற்று. அந்நிழல் அடுத்த காட்டுச் சோளத்தின்மேல் விழுந்தது. நிழல் விழுந்த இடத்தில் சோளம் கதிர் வாங்கவில்லை. அந்தக் காட்டுக்காரர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டார்: “ஏனப்பா, உனக்கு வெய்யல் ஆகாது, செரி. எஞ் சோளத்துக்கும் ஆகாதுன்னு நீயா முடிவு பண்ணிக்குவயா?”

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ வாதங்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எதிரியை வீழ்த்திய கேள்வியைக் கேட்டதில்லை. மறுநாள் காலை எங்கள் மாமன் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போய், எட்டு மணி நிழல் எதுவரை விழுகிறது என்று அளந்தார். ஆறு மாதம் கழித்து, சூரியன் பக்கம் மாறியபின் மறுபடியும் அளந்தார். இரண்டில் எது அதிகமோ அத்தனை அடி அகலத்துக்குத் தம் மேற்குக் காட்டில் நிலத்தை அந்தக் காட்டுக்காரருக்கு விட்டுக்கொடுத்தார். மண்ணைக் கொடுத்து நிழலை வாங்கிய வேளாளர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவரே. “பங்காளிகிட்டக் கோர்ட்டுக்குப் போனா செயிக்க முடியுங்களா மாப்ள? அதான் ராசியாப் போயிட்டேன்” என்றார்.

நான் பாலக்காட்டுக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. பேச்சுப் போட்டிகளில் நான் பெற்ற பரிசுகள் வீட்டில் ஓர் அலமாரியை நிறைத்திருந்தன. எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு என்னைப் பேச அழைத்தார்கள். ‘ஞாயிற்றின் ஒளியே ஏழையின் மருந்து’ என்ற பொருளில் முக்கால் மணி நேரம் முழங்கினேன். பயிருக்கு உயிரும் எலும்புக்கு உரமும் ஏழைக்கு வைத்தியனும் அதுவே என்று அடுக்கினேன். வெயிலுக்கு அஞ்சுகிறவன் வாழ்வுக்கே அஞ்சுகிறவன் என்று முடித்தேன். கரவொலி ஓய நேரமாயிற்று. முதல் வரிசையில் சோலாத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை நான் பேசும்போது நினைக்கவேயில்லை. கூட்டம் கலைந்தபின் அவர் அருகில் வந்தார்.

“நல்லாப் பேசுனீங்க மாப்ள. எம்பட பங்காளிக்கு இத்தன நாளா வக்கீல் இல்லாமயே இருந்துது. இப்பக் கெடச்சுட்டாரு.”

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தத் தை மாதத்தில் அவருடைய இடது காதின் மேல் விளிம்பில் ஒரு பொருக்கு எழும்பியது. உதிர்ந்தது, மறுபடி எழும்பியது. வலி இல்லை. நூறு தண்ணீர் நெய்க்கும் அது அடங்கவில்லை. மாசியில் அது ஒரு மிளகளவு தடித்து, நடுவில் குழிந்து, தொட்டால் இரத்தம் கசிந்தது. அத்தைக்கு விசனம் பிடித்துக்கொண்டது. சித்தூர்ப் பக்கத்தில் தோல் நோய்களுக்குப் பேர்போன ஒரு வைத்தியர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கே போகத் தீர்மானித்தார்கள். வைத்தியருக்கு மலையாளம் ஒன்றே தெரியும். நம்மவர்களுக்குச் சந்தை மலையாளம் தெரியும். வைத்தியரிடம் பேச அது போதுமா என்ற ஐயம். “கண்ணு மூணு பாஷ பேசுது, அதையே கூட்டிட்டுப் போலாம்” என்றாள் அத்தை, என்னைக் காட்டி. நான் மறுக்கவில்லை. மலையாள எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை யாரும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

வைத்தியர் வயதானவர், வாய் நிறைய வெற்றிலை. காதைத் திருப்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். காதுக்குக் கீழே கழுத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“வேதன உண்டோ?”

“இல்லீங்க.”

வைத்தியர் தலையை மெல்ல ஆட்டினார். “அர்புதம்” என்றார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, “ஒட்டும் வைகருது” என்றார். ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதி மடித்துக் கொடுத்தார். “கோயமுத்தூரோ பாலக்காடோ, எவிடெயாயாலும் இது காணிச்சால் மதி.”

மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அற்புதம் என்பதற்கு மலையாளத்தார் வழங்கும் ஒலி சற்றே வேறு என்பது எனக்குத் தெரியும். நம்மைக் கருதி, தமிழ் ஒலியிலேயே சொல்கிறார் என்று அவருடைய பண்பை உள்ளூர வியந்தேன். ‘வைக்கருது’ என்றால் வைக்கக் கூடாது; அதுவும் தெரிந்ததே. ஆகவே எழுந்து நின்று, தெளிவாக, இடைவெளி விட்டு அறிவித்தேன்: காது அற்புதமாக இருக்கிறதாம்; மருந்து ஒன்றும் வைக்கக் கூடாதாம்; கோயமுத்தூரோ பாலக்காடோ, எங்கே வேண்டுமானாலும் இந்தக் காகிதத்தைக் காட்டினால் போதுமாம். கடைசி வாக்கியம் ஒன்றுதான் சரியான மொழிபெயர்ப்பு.

திரும்பும் வழியில் வண்டியில் அத்தை கேட்டாள். “ஒரு வைத்தியரு புண்ணப் பாத்து அற்புதம்னா சொல்லுவாரு? நல்லாக் கேட்டயா கண்ணு?”

சொன்னவர் கற்றறிந்த வைத்தியர் என்பது முதல் காரணம். கேட்டவன் மொழியறிந்தவன் என்பது இரண்டாவது. புண்ணில் வலி இல்லை என்பது மூன்றாவது. இப்படி ஐந்து காரணங்களை அவள் முன் நிறுத்தினேன். ஐந்தாவதுக்குள் வண்டி ஊருக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து அத்தை நெய் கழுவுவதை நிறுத்தினாள். வைக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறாரல்லவா?

காட்டினால் போதும் என்று சொல்லப்பட்ட காகிதத்தை மாமன் காட்டத் தொடங்கினார். தொப்பியின் உட்புறத்தில் அதைச் செருகி வைத்துக்கொண்டார். கல்யாண வீட்டில் காட்டினார். கோயமுத்தூரில் கடலை மண்டியில் காட்டினார். களை எடுக்கும் பெண்களிடம் காட்டினார். “பங்காளி என்ன பண்ணியும் காது அற்புதமா இருக்குதுன்னு மலையாளத்து வைத்தியரு எழுத்துலயே குடுத்துட்டாருங்க.” வாங்கிப் பார்த்தவர்கள் எவருக்கும் அந்த எழுத்துத் தெரியாது. எல்லோரும் தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். புண் இதற்குள் மிளகிலிருந்து கொட்டைப்பாக்கு ஆகியிருந்தது. அதை ஈரத் துண்டு மறைத்திருந்தது.

ஆடி மாதத்தில் நான் ஊருக்கு வந்திருந்தேன். அவரோடு சந்தைக்குப் போனேன். சுங்கச் சாவடிச் சிப்பாய் வழக்கம்போல் எழுந்து சலாம் வைத்தான். மாமன் அவனையும் விடவில்லை. “உங்க பாஷதானே, நீங்களே படிச்சுப் பாருங்க” என்று தொப்பியிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார்.

சிப்பாய் படித்தான். மறுபடி படித்தான். வைத்திருந்த சலாமின் விறைப்பு அவன் உடம்பிலிருந்து கழன்றது.

“இது எப்போ தந்நது?”

“மாசியிலீங்க.”

“மாசியிலோ! ‘செவியில் அர்புதம். தாமசியாதெ முறிச்சு களயணம்.’ இதாணு எழுதியது. ஆசுபத்திரி டாக்டருக்கு எழுதியதாணு.” எங்கள் முகங்களைப் பார்த்து, நாங்கள் விளங்கிக்கொள்ளவில்லை என்று அறிந்து, சாவடி ஓரத்து வேப்பமரத்தில் புடைத்திருந்த ஒரு முண்டைக் கையால் தட்டிக் காட்டினான். “இதுபோலெ. ஆனா இது மரத்தைத் தின்னில்லா. அது ஆளைத் தின்னும்.”

புற்று. வைத்தியர் தம் நூல்களின் வழக்கப்படி அர்புதம் என்று சொன்னது அந்நோயின் பெயர். தாமதியாமல் அறுத்து எடுக்க வேண்டும் என்பதே காகிதத்திலிருந்த செய்தி. ‘வைகருது’ என்றால் தாமதிக்காதே என்று பொருள். வெற்றிலைக்கு நடுவே ஒரு மெய்யெழுத்தின் அழுத்தத்தை நான் கூடுதலாகக் கேட்டுவிட்டேன். தாமதிக்காதே என்று சொன்னவரின் வாயால் ஐந்து மாதத் தாமதத்தை வாங்கிக் கொடுத்தவன் நான்.

மாமன் காகிதத்தை மடித்தார். “மாப்ள, எதுக்கு அற்புதம்னு நீங்க அவர ஒரு வார்த்த கேக்கவே இல்லீங்களே?” என்றார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார். கடலை மூட்டைகளோடு அதே வண்டியில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கிருந்த அறுவை வைத்தியர் வெள்ளைக்காரர். அவர் மூக்கின் ஓரத்திலேயே தையல் போட்ட பழந்தழும்பு ஒன்று இருந்தது. மாமனை ஏற இறங்கப் பார்த்து, காதுக்குக் கீழே கழுத்தை விரலால் அழுத்திப் பார்த்து, ஆங்கிலத்தில் சொன்னார். நான் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, ஐயம் தோன்றிய இடத்தில் நிறுத்திக் கேட்டு, மாமனுக்குச் சொன்னேன். இந்நாட்டுத் தோலுக்கு இந்த வியாதி அபூர்வம், வெள்ளைக்காரர்களுக்கு இங்கே வந்து வெயிலில் அலைந்தால் வரும், தமக்கே வந்திருக்கிறது, இவருடைய தோலும் தங்கள் தோலைப் போன்றதே.

“அப்ப நெசமாலுமே நாந் தொரைதானுங்களா? ஊர்ல கேலிக்குச் சொல்றாங்கன்னுல்ல இத்தன நாளா இருந்தேன்” என்றார் மாமன்.

அதை ஆங்கிலத்தில் சொன்னதும் வைத்தியர் சிரித்துவிட்டுச் சில புத்திமதிகள் சொன்னார். தொப்பி அணிய வேண்டும். நீளக்கைச் சட்டை வேண்டும். ஒன்பதுக்கு மேல் நான்குக்குள் வெளியே போகலாகாது. மாமன் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “இவரு மூக்கப் பாத்தா, இதெல்லாம் நாந்தான் இவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கோணும்போல இருக்குது. அதச் சொல்லாதீங்க மாப்ள” என்றார். பிறகு தாமாகவே யோசித்து, காது போன வழியைக் கண்டுபிடித்தார். மாலை வேளையில் எருதுகளைக் கொண்டு தோற்பறியில் நீர் இறைப்பார். எருதுகள் இறக்கத்தில் முன்னோக்கிப் போகும். திரும்பாமல் அப்படியே பின்னோக்கி ஏறி வரும். ஓட்டுகிறவர் முகமும் எப்போதும் வடக்கே இருக்கும். இடது காது எப்போதும் மேற்கே இருக்கும். கணவாய்க் காற்று தொப்பியைப் பறித்துக்கொண்டு போகிறதென்று அந்நேரம் அதைக் கழற்றி வைத்துவிடுவார். “சாயங்காலமானா பங்காளி கெழவனாயிட்டாரு, இனி என்ன பண்ணுவாருன்னு இருந்துட்டேன். பகல் பூராவும் வீட்டச் சுத்தி வந்தவரு, கடைசில கொல்லப்பக்கமா வந்துட்டாரு பாருங்க.”

அறுவை முடிந்தது. காதில் பாதிக்கு மேல் போயிற்று. மாசியிலேயே வந்திருந்தால் விளிம்போடு போயிருக்கும் என்று வைத்தியர் சொன்னார். என் மீதான குற்றச்சாட்டை நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது, மொழிபெயர்த்தேன். மாமன் கட்டுப்போட்ட தலையை மெல்லத் திருப்பினார். “இத உங்க அத்தகிட்டச் சொல்ல வேண்டாமுங்க” என்றார்.

ஆறு மாதம் நன்றாகப் போயிற்று. கட்டு அவிழ்ந்தது, தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரப் பழகிக்கொண்டது, களை எடுக்கும் பெண்கள் மறுபடியும் குரல் கொடுத்தார்கள். பிறகு கழுத்தில், வைத்தியர்கள் இருவரும் விரல் வைத்து அழுத்திப் பார்த்த அதே இடத்தில், ஒரு கட்டி எழும்பியது. மறுபடியும் கோயமுத்தூருக்குப் போனோம். இம்முறை அத்தையும் வந்தாள். உள்ளே பெண்களை விடவில்லை. தாழ்வாரத்து நிழலில் அவள் குடையை மடக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இப்போது தமிழ் தெரிந்த உதவியாளர் ஒருவர் இருந்தார். “வேண்டாமுங்க, எங்க மாப்ளயே சொல்லட்டும்” என்றார் மாமன். ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

வைத்தியர் பரிசோதித்துவிட்டுக் கை கழுவினார். என்னைப் பார்த்துச் சொன்னார். நோய் கழுத்துக்குள் ஆழப் போய்விட்டது. இனிக் கத்திக்கும் வேலை இல்லை, மருந்துக்கும் வேலை இல்லை. வீட்டுக்கு அழைத்துப்போய், வலி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியாகக் கேட்டேனா என்று அவரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொண்டேன்.

“சொல்லுங்க மாப்ள. மெதுவாவே சொல்லுங்க.”

சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்டார். துடிக்கும் கண்மணிகள் ஒரு கணம் நின்றாற்போல் இருந்தது.

“அப்ப மருந்து ஒண்ணும் வெக்க வேண்டாம்னு சொல்றாருங்களா?”

“ஆமாங்க மாமா.”

“அதத்தான் நீங்க அன்னைக்கே சொன்னீங்க. கொஞ்சம் முன்னாலயே சொல்லிட்டீங்க, அவ்வளவுதான்” என்று சொல்லி, எழுந்து, தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார்.

தாழ்வாரத்தில் அத்தை எழுந்து நின்றாள். “என்னங்க சொன்னாரு?”

நான் வாயைத் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். “ஊட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு. வைத்தியமெல்லாம் முடிஞ்சுபோச்சாமா. இனி இங்க வர வேண்டியதே இல்லையாமா.” ஒரு சொல்கூடப் பிழையில்லாத மொழிபெயர்ப்பு. அதைச் சொல்லிவிட்டு, வண்டி பூட்டச் சொல்வதற்காக மரநிழல் வழியே முன்னால் நடந்தார்.

அத்தை என்னிடம் திரும்பினாள். “ஆமாங் கண்ணு?”

எதிர்த்தரப்பை மறுக்கவும், இல்லாததை நிலைநாட்டவும், கேட்போர் கண்ணைப் பார்த்து அசையாமல் நிற்கவும் நான் பயின்றவன். அவள் கண்ணைப் பார்த்து, “ஆமாங்க அத்தை, நல்லாயிருச்சுன்னு சொல்லிட்டாரு” என்றேன்.

அவள் குடையை விரித்தாள். முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தாள். பிறகு என் தோளில் கையை வைத்தாள்.

“உனக்கு மேடையில பேசத்தாங் கண்ணு வருது. பொய் சொல்ல வரமாட்டேங்குது.”